சாளக்கிராமமும் பெட்ரோலும்

எனக்கு ஏழு வயசு இருக்கும்போது பாட்டியிடம் ஒரு கேள்வி கேட்டேன்.

"அப்பா ஏன் பாட்டி குவைத்துல இருக்கார்?"

"அங்கதான்டா கண்ணா எண்ணெய் இருக்கு. எண்ணெய் இருக்கற எடத்துல வேலை இருக்கு."

"அது ஏன் நம்ம ஊர்ல இல்ல?"

பாட்டி கொஞ்சம் யோசித்தாள். அப்புறம் பெருமாள் அலமாரியைக் கை காட்டினாள். "பெருமாள் அவாளுக்கு எண்ணெயைக் குடுத்தார். நமக்குத் தன்னையே குடுத்துட்டார். போய்ச் சேவிச்சுட்டு வா."

அலமாரியில் ஒரு சின்ன வெள்ளிப் பெட்டி. அதற்குள் கறுப்பாக, எலுமிச்சம்பழ அளவில் ஒரு சாளக்கிராமம். தாத்தா தினமும் அதற்குத் திருமஞ்சனம் செய்வார். ஒரு பக்கம் லேசாக உடைந்திருக்கும். அந்த வாய் வழியாகப் பார்த்தால் உள்ளே வரிவரியாக ஒரு சுருள் தெரியும். "அதான் சக்கரம்" என்பார் தாத்தா.

அப்பா அங்கே ஒரு கான்ட்ராக்ட் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். எனக்கு இரண்டு வயதிலிருந்து இருபது வயது வரை, மொத்தம் 18 வருஷம். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை 45 நாள் லீவு. கணக்குப் போடுவது நம்ம தொழில் என்பதால் ஒரு நாள் கூட்டிப் பார்த்தேன். 405 நாள். அந்தப் பதினெட்டு வருஷத்தில் நான் அப்பாவோடு இருந்தது அவ்வளவுதான். அதனால் "எண்ணெய் ஏன் அங்கே, ஏன் இங்கே இல்லை" என்பது எனக்கு வெறும் பொது அறிவுக் கேள்வி இல்லை. எங்கள் வீட்டுக் கேள்வி.

போன வருஷம் அப்பா, அம்மாவை முக்திநாத்துக்கு அழைத்துப் போனேன். நேபாளத்தில், 3,700 மீட்டருக்கும் மேலே இருக்கும் இடம். 108 திவ்ய தேசங்களில் திருச்சாளக்கிராமம் என்று சொல்வது இதைத்தான். மூச்சு வாங்க ஏறி, 108 தாரைகளிலும் பல் கிட்டித்துப் போகிற குளிரில் தலையை நனைத்து, பெருமாளைச் சேவித்தாயிற்று. பக்கத்திலேயே ஜ்வாலா மாயி என்று ஒரு சின்னக் கோயில். உள்ளே குனிந்து பார்த்தால் பாறை இடுக்கில் நீல நிறமாக ஒரு சுடர். திரி கிடையாது, நெய் கிடையாது. தரைக்கு அடியிலிருந்து இயற்கை எரிவாயு கசிந்து எரிகிறது.

அப்பா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "இது கேஸ்டா" என்றார் மெதுவாக. "பாலைவனத்துல ஃப்ளேர் எரியும் பாரு, ராத்திரி பூரா. அதே கலர் இல்ல, ஆனா அதேதான்."

சாளக்கிராமம் கிடைக்கிற இடத்தில் கேஸ்! பாட்டி போட்ட கோட்டுக்கு இந்தப் பக்கம் பெருமாள், அந்தப் பக்கம் எண்ணெய் என்று இருபது வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். ரெண்டும் ஒரே இடத்தில் இருக்கிறதே? ஊருக்குத் திரும்பிய பிறகு ஆபீஸ் நேரம் போக மிச்ச ராத்திரியெல்லாம் இதைத்தான் படித்தேன். நான் புவியியல் நிபுணன் இல்லை, கம்ப்யூட்டர் சயின்ஸ் ஆசாமி. ஆனால் படித்ததில் ஒரு கதை கிடைத்தது. அதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். கொஞ்சம் நீளம், காபி எடுத்துக்கொண்டு உட்காருங்கள் :-)

முதலில் இரண்டு தப்பான எண்ணங்களைக் கழற்றி வைத்துவிடுவோம்.

ஒன்று, பெட்ரோல் டைனோசரிலிருந்து வந்தது என்பது. இல்லை. அது பெரும்பாலும் கடலில் மிதக்கும் கண்ணுக்குத் தெரியாத உயிர்களும் பாசிகளும் செத்துப் படிந்ததிலிருந்து வந்தது. இரண்டு, பூமிக்கு அடியில் எண்ணெய் ஏரி மாதிரி தளும்பிக்கொண்டிருக்கிறது என்பது. அதுவும் இல்லை. மணற்கல், சுண்ணாம்புக்கல் போன்ற பாறைகளின் நுண்துளைகளுக்குள், இட்லி சாம்பாரை உறிஞ்சி வைத்திருக்கிற மாதிரி இருக்கிறது.

ஒரு படுகையில் எண்ணெய் கிடைக்க நாலு சாமான் வேண்டும். முதலாவது மூலப்பாறை. செத்த உயிர்கள் அழுகிப் போகாமல் ஆக்சிஜன் இல்லாத கடலடியில் சேறாகப் படிந்து உண்டான கறுப்புப் பாறை. இரண்டாவது தேக்கப்பாறை, அந்த எண்ணெயை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் துளைகள் உள்ள பாறை. மூன்றாவது மூடிப்பாறை. எண்ணெய் தண்ணீரைவிட லேசானது, மேலே மேலே ஏறிக்கொண்டேயிருக்கும். அதை நிறுத்த, உப்போ களியோ போல எதையும் விடாத ஒரு மூடி வேண்டும். நான்காவது பொறி. மூடி தட்டையாக இருந்தால் எண்ணெய் பக்கவாட்டில் நழுவிவிடும். கவிழ்த்து வைத்த கிண்ணம் மாதிரி மடிப்பு வேண்டும்.

இவற்றோடு அடுப்பும் வேண்டும். பூமிக்குள் ஒவ்வொரு கிலோமீட்டர் இறங்கினாலும் சுமார் 25 முதல் 30 டிகிரி சூடு கூடும். மூலப்பாறை சுமார் 60 டிகிரி தாண்டினால் அதிலிருக்கும் கெரோஜன் என்கிற மெழுகுப் பொருள் எண்ணெயாக உடைய ஆரம்பிக்கும். ஏறக்குறைய 150 டிகிரி தாண்டினால் எண்ணெய் போய் வாயு மட்டும் மிஞ்சும். இன்னும் சூடேறினால் அதுவும் போச்சு, வெறும் கரிதான். ஆக, சுமார் 2 கிலோமீட்டரிலிருந்து 5 கிலோமீட்டர் ஆழம் வரைதான் சமையல் நடக்கும். ஆழம் போதாவிட்டால் வேகாது. அதிகமானால் தீய்ந்து போகும்.

ஆனால் நான் படித்ததில் முக்கியமான விஷயம் இந்தச் சாமான் லிஸ்ட் இல்லை. வரிசை. நம்ம பாஷையில் சொன்னால் இது டிபெண்டன்சி பிரச்சினை. நாலு மாட்யூலும் ஒழுங்காக எழுதியிருந்தாலும், தப்பான வரிசையில் ஓட்டினால் புரோகிராம் ஊத்திக்கும். மூடி வருவதற்கு முன் எண்ணெய் கிளம்பினால் எல்லாம் கடலோடு போய்விடும். மடிப்பு உண்டாவதற்கு முன் வெந்துவிட்டால் தங்க இடம் இல்லை. எல்லாம் சரியாக அமைந்த பிறகு பெரிய மலை ஒன்று எழும்பினால் மூடி உடைந்து அத்தனையும் காலி. இந்த வரிசையைத் தீர்மானிப்பது யார்? கண்டத்தட்டுகளின் நகர்வு. அதனால்தான் எண்ணெயின் வரலாறு என்பது கண்டங்களின் வரலாறு.

சரி, கடலுக்கு வருவோம்.

1860களில் ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா என்று ஒருவர் கல்கத்தாவில் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் வேலைக்குச் சேர்ந்தார். இன்றைய செக் நாட்டின் மொராவியாவில் பிறந்தவர். நம்ம திருச்சி, அரியலூர் பக்கத்துப் பாறைகளில் கிடைத்த கடல் உயிர்களின் புதைபடிவங்களைப் பற்றிப் பெரிய பெரிய தொகுதிகளாக எழுதியவர் இவர்தான். இதே மனிதர் இமயமலையில் ஸ்பிதி பள்ளத்தாக்குக்கும் போனார். அங்கே கறுப்புக் களிப்பாறைகளில் சுருள் சுருளாக அம்மோனைட் என்கிற கடல் உயிரின் ஓடுகள். மலை உச்சியில் கடல் பிராணி! 1874இல் லடாக் பக்கம் ஒரு பயணத்தில் மலை நோய் தாக்கி இறந்துபோனார். வயது 36தான்.

அந்தச் சுருள்தான் எங்கள் வீட்டு வெள்ளிப் பெட்டியில் இருப்பது. காளி கண்டகி நதி அதே வகைக் கறுப்புப் பாறைகளை அறுத்துக்கொண்டு வரும்போது உள்ளிருந்து உருண்டைகள் கழன்று விழுகின்றன. அதைத்தான் சாளக்கிராமம் என்று எடுக்கிறோம். ஏறக்குறைய 14 கோடியிலிருந்து 16 கோடி ஆண்டு வயது, அதாவது ஜுராசிக் காலத்தின் கடைசிப் பகுதியும் அதை ஒட்டியும்.

ஆல்ப்ஸிலிருந்து இமயம் வரை ஒரே மாதிரிக் கடல் படிவங்கள் இருப்பதைப் பார்த்த எடுவர்ட் சூயஸ் என்ற ஆஸ்திரியப் புவியியலாளர், அங்கே முன்பு ஒரு பெருங்கடல் இருந்திருக்க வேண்டும் என்றார். 1893இல் அதற்கு டெத்திஸ் என்று பெயர் வைத்தார், கிரேக்கப் புராணத்தின் கடல் தேவதை பெயர். தெற்கே இருந்த பெருநிலத்துக்கு அவர் பிரபலமாக்கிய பெயர் கோண்ட்வானா, நம்ம நடு இந்தியாவின் கோண்டு நிலத்துப் பெயர்.

இப்போது ஒரு படத்தை மனசில் வரையுங்கள். சுமார் 16 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. வடக்கே ஆசியா. நடுவில் டெத்திஸ். தெற்குக் கரையில் கோண்ட்வானா. அந்தக் கரையில் மேற்குப் பக்கம் ஆப்பிரிக்காவோடு ஒட்டிக்கொண்டு அரேபியா. கிழக்குப் பக்கம், இன்னும் தெற்கே தள்ளி, இந்தியா. இரண்டும் ஒரே கடலைப் பார்த்துக்கொண்டிருந்த வீடுகள். இரண்டின் வாசலிலும் கடலடியில் கறுப்புச் சேறு படிந்தது. ஒரு வீட்டுக்கு எண்ணெய், இன்னொரு வீட்டுக்குக் கல். ஏன்?

அரேபியாவின் கதையைக் கொஞ்சம் முன்னாலிருந்தே பார்ப்போம். சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன்பு அங்கே கடல் வற்றி வற்றித் தடிமனாக உப்பு படிந்தது. ஹோர்முஸ் உப்பு என்பார்கள். உப்பு லேசானது, அழுத்தினால் பிதுங்கும். மேலே பாறைகள் ஏற ஏற, இது கீழிருந்து ஜாம் மாதிரி முட்டிக்கொண்டு எழுந்து, மேலே உள்ள பாறைகளைக் குடை மாதிரி வளைத்தது. பொறிக்கான அடிப்படை வேலை, எண்ணெய் வருவதற்குப் பல கோடி ஆண்டுகள் முன்பே ஆரம்பித்துவிட்டது.

அடுத்தது நம்புவதற்குக் கஷ்டமானது. சுமார் 44 கோடி ஆண்டுகளுக்கு முன்பு அரேபியா தென் துருவத்துக்குப் பக்கத்தில் இருந்தது. சவூதி பாலைவனத்தில் இன்றும் பனியாறுகள் உராய்ந்த தடயங்கள் இருக்கின்றன. அந்தப் பனி உருகியதும் கடல் மட்டம் ஏறி நிலத்தின் மேல் பரவியது. அடியில் ஆக்சிஜன் இல்லாத தண்ணீரில் ஒரு கறுப்புக் களிப்பாறை படிந்தது. குசைபா என்று பெயர். கத்தாரும் ஈரானும் பங்கு போட்டுக்கொள்ளும் உலகின் மிகப் பெரிய எரிவாயு வயல் (1971இல் கண்டுபிடித்தார்கள்) இந்தக் களிப்பாறையின் புண்ணியம்தான்.

பிறகு சுமார் 27 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, இன்றைய ஈரானின் பெரும்பகுதியும் இன்னும் சில துண்டுகளும் கோண்ட்வானாவின் வடக்கு விளிம்பிலிருந்து உடைந்து வடக்கே போக, நடுவில் புது டெத்திஸ் திறந்தது. அரேபியாவின் வடகிழக்கு ஓரம் கடற்கரை ஆனது. அதன்பின் இருபது கோடி ஆண்டுகளுக்கும் மேலாக அங்கே பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. இடையில் ஓமன் பக்கம் கடல்தரையே நிலத்தின் மேல் ஏறி உட்கார்ந்த ஒரு கலாட்டா உண்டு. மற்றபடி நிலம் மெல்ல மெல்ல அமிழ, மேலே சேறும் சுண்ணாம்பும் படிய, படிய, படிய. இந்த "ஒன்றும் நடக்காத" காலம்தான் பெரிய சொத்து.

ஜுராசிக் காலத்தில் அரேபியா நிலநடுக்கோட்டுக்குப் பக்கம். பல நூறு கிலோமீட்டர் அகலத்துக்கு இளஞ்சூடான, ஆழமில்லாத கடல். அதற்குள் அங்கங்கே சற்று ஆழமான பள்ளங்கள், அவற்றில் கறுப்புச் சேறு. துவைக் மலை, ஹனிஃபா என்ற மூலப்பாறைகள் அவை. பள்ளங்கள் நிரம்பியதும் அலையடிக்கும் ஆழமற்ற கடலில் சுண்ணாம்பு மணல் படிந்தது. அதுதான் அரப் பாறை, அருமையான தேக்கப்பாறை. கடைசியாக, வறண்ட வெயிலில் கடல் தண்ணீர் ஆவியாகி, அன்ஹைட்ரைட் என்கிற ஜிப்சத்தின் சகோதரன் தடிமனாகப் படிந்தது. ஹித் என்று பெயர். சுமார் 15 கோடி ஆண்டு. இதைவிட நல்ல மூடி கிடைக்காது. மூலம், தேக்கம், மூடி மூன்றும் ஒன்றின் மேல் ஒன்றாக, டிபன் கேரியர் மாதிரி, சரியான வரிசையில்.

அடுப்பு மட்டும் பாக்கி. சவூதிப் பக்கம் மேலே படிந்துகொண்டே போன பாறைகளின் கனமே மூலப்பாறையைச் சூட்டுக்குள் இறக்கியது. ஈரான், ஈராக் பக்கத்தில் அடுப்பை மூட்டியது மோதல். சுமார் 3 கோடி ஆண்டுகளுக்கு முன்பிருந்து அரேபியாவின் வடகிழக்கு விளிம்பு ஆசியாவோடு முட்ட ஆரம்பித்தது. இந்தப் பக்கம் செங்கடல் பிளந்து அரேபியா ஆப்பிரிக்காவிலிருந்து கழன்றது. முட்டிய இடத்தில் ஜாக்ரோஸ் மலைகள் எழுந்தன. மலையின் கனத்தில் முன்னால் இருந்த நிலம் கட்டில் கயிறு தொய்வது மாதிரி அமிழ்ந்தது. அந்தத் தொய்வில்தான் இன்று பாரசீக வளைகுடா இருக்கிறது. மலையிலிருந்து அடித்து வந்த மண் அதில் நிரம்பி, கீழே இருந்த மூலப்பாறைகளை இன்னும் ஆழத்துக்குத் தள்ளியது. கடந்த ஒரு கோடி ஆண்டுகளுக்குள்தான் அங்கே சமையல் மும்முரமாக நடந்தது. அதே சமயத்தில் பாய் சுருட்டுவது மாதிரி மடிப்புகளும் விழுந்தன. எண்ணெய் கிளம்பும்போது கிண்ணங்கள் தயார்.

கவனியுங்கள், அரேபியா நகர்வது வருஷத்துக்குச் சுமார் 2 சென்டிமீட்டர். நம் நகம் வளர்வதைவிடச் சோம்பல். மெதுவாக முட்டியது, தாமதமாக முட்டியது, இன்னும் முட்டி முடிக்கவில்லை. உலகத்தில் நிரூபிக்கப்பட்ட எண்ணெய் இருப்பில் ஏறக்குறைய பாதி அங்கே இருப்பதற்கு இந்த மெதுவும் ஒரு காரணம்.

இனி நம் பக்கம்.

இந்தியா ஜுராசிக்கில் இன்னும் தெற்கே, குளிர்ந்த பகுதியில் இருந்தது. கறுப்புச் சேறு படிந்தது, அம்மோனைட்டுகள் நீந்தின. ஆனால் அந்த வெப்பமான, ஆவியாகும் கடல் இல்லை. ஹித் மாதிரி ஒரு மூடி விழவில்லை. பிறகு சுமார் 13 கோடி ஆண்டுகளுக்கு முன்பு அண்டார்டிகா பக்கத்திலிருந்து பிரிய ஆரம்பித்து, சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன்பு மடகாஸ்கரையும் உதறிவிட்டு வடக்கே ஓடியது. ஓடியது என்றுதான் சொல்ல வேண்டும். ஒரு கட்டத்தில் வருஷத்துக்கு 15 சென்டிமீட்டருக்கும் மேல். அரேபியாவைப் போல ஏழு மடங்கு வேகம்! சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன்பு ஆசியாவில் மோதியது.

அந்த மோதலில் டெத்திஸின் இந்தியக் கரை நொறுங்கியது. பாறைகள் மடிந்து, ஒன்றன்மேல் ஒன்று ஏறி, பெரும்பகுதி தேவைக்கு மேல் வெந்து, வானத்துக்குத் தூக்கப்பட்டு, மழையிலும் பனியிலும் அரிபட்டன. எவரெஸ்ட் உச்சியில் இருப்பதே கடலடிச் சுண்ணாம்புக்கல். எண்ணெய்க்கான பானை ஏதாவது இருந்திருந்தாலும் எட்டு கிலோமீட்டர் உயரத்தில் உடைத்துப் போட்ட மாதிரிதான். முக்திநாத்தில் எரிகிற சுடர் என்ன? மூடி உடைந்த பானையிலிருந்து வருகிற ஆவி.

நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மோதல் எல்லாவற்றையும் கெடுக்கவில்லை. அது எழுப்பிய மலைகளின் அடிவாரத்தில் அசாமில் எண்ணெய் இருக்கிறது. திக்பாயில் 1889இலேயே எண்ணெய் கண்டார்கள். ஆனால் அது மோதலை ஒட்டிய காலத்துப் பாறைகளின் எண்ணெய். ஜுராசிக் டெத்திஸின் பெரும் சொத்து அந்தப் பக்கமே தங்கிவிட்டது.

இதையெல்லாம் மனிதன் எப்போது புரிந்துகொண்டான் என்பது இன்னொரு வேடிக்கை.

வில்லியம் டார்சி என்பவர் ஆஸ்திரேலியத் தங்கச் சுரங்கத்தில் பணம் சேர்த்தவர். 1901இல் பாரசீக ஷாவிடம் எண்ணெய் தேடும் உரிமை வாங்கினார். இவர் பாரசீகத்தில் கால் வைக்கவேயில்லை. வெயிலில் காய்ந்தது ஜார்ஜ் ரேனால்ட்ஸ் என்ற பொறியாளர். ஏழு வருஷம் கிணறு தோண்டிப் பணம் கரைந்து, வேலையை நிறுத்தச் சொல்லி உத்தரவு வருகிற நேரம். 1908 மே 26 அன்று மஸ்ஜிதே சுலைமானில், சுமார் 360 மீட்டர் ஆழத்தில் எண்ணெய் பீறிட்டது. பாறையின் பெயர் அஸ்மாரி சுண்ணாம்புக்கல். 1927இல் ஈராக்கின் கிர்குக் அருகே பாபா குர்குரில் அடுத்த பீறல். அங்கேயும் காலம் காலமாக, முக்திநாத் மாதிரியே, தரையிலிருந்து நெருப்பு எரிந்துகொண்டிருந்தது. வித்தியாசம் என்னவென்றால் அங்கே மூடியில் விரிசல்தான், பானை உடையவில்லை.

இதன் விளைவாக ஒரு தப்பு நடந்தது. அஸ்மாரி பாறை இருந்தால்தான் எண்ணெய் என்று பிரிட்டிஷ் கம்பெனியின் நிபுணர்கள் பலர் முடிவு கட்டிவிட்டார்கள். அரேபியப் பக்கம் அந்தப் பாறை இல்லை, ஆகவே அங்கே ஒன்றும் தேறாது என்றார்கள். 1932இல் பஹ்ரைனில் எண்ணெய் வந்ததும்தான் கண் திறந்தது. 1933இல் ஒரு அமெரிக்கக் கம்பெனி சவூதி மன்னரிடம் உரிமை வாங்கி, தம்மாமில் ஹோர்முஸ் உப்பு முட்டி எழுப்பிய அந்த மேட்டில் துளையிட்டது. பஹ்ரைனில் எண்ணெய் வந்த அடுக்கு வரை தோண்டினார்கள். முதல் ஆறு கிணறுகளும் சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை. ஏழாவதை இன்னும் ஆழமாகக் கொண்டுபோனார்கள். தலைமைப் புவியியலாளர் மேக்ஸ் ஸ்டைனகி, கைவிட வேண்டாம் என்று மேலிடத்தில் வாதாடினார். 1938 மார்ச்சில், சுமார் 1,440 மீட்டர் ஆழத்தில், ஹித் மூடியைத் தாண்டி அரப் பாறைக்குள் போனதும் எண்ணெய் கொட்டியது. அதே வருஷம் குவைத்தில் புர்கான் வயல். 1948இல் கவார், சுமார் 280 கிலோமீட்டர் நீளம், உலகின் மிகப் பெரிய எண்ணெய் வயல்.

இப்போது தேதிகளைப் பாருங்கள். 1908, 1927, 1938, 1948. கண்டங்கள் நகர்கின்றன என்று வெக்னர் சொன்னது 1912இல். உலகம் சிரித்தது. கண்டத்தட்டுக் கொள்கையை அறிவியல் ஏற்றுக்கொண்டது 1960களில்தான். ஆக, அந்தப் பெரிய வயல்களில் பலவற்றையும், அவை ஏன் அங்கே இருக்கின்றன என்று தெரியாமலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். கசிவையும் மேட்டையும் பார்த்துத் தோண்டினார்கள். டாகுமென்டேஷன் ஐம்பது வருஷம் கழித்து வந்தது. நம்ம தொழில் மாதிரியேதான் :-)

"அப்படியானால் நம்ம தஞ்சை டெல்டாவில் எண்ணெய் எடுக்கிறார்களே, அது?" என்று கேட்பீர்கள். அதுவும் இதே கோண்ட்வானா உடைந்த கதையின் ஒரு கிளை. இந்தியா அண்டார்டிகா பக்கத்திலிருந்து பிரியும்போது நம் கிழக்குக் கரை விரிசல் விட்டு, மேடும் பள்ளமுமாக அமிழ்ந்தது. காவிரிப் படுகை என்பது அதுதான். கும்பகோணத்துக்கு அடியிலேயே புதைந்த ஒரு பாறை மேடு இருக்கிறது. புவியியலாளர்கள் அதற்குக் கும்பகோணத்தின் பெயரையே வைத்திருக்கிறார்கள். மேடுகளுக்கு இடையிலுள்ள பள்ளங்களில் வெந்த எண்ணெயும் வாயுவும்தான் நரிமணம், குத்தாலம் பக்கம் கிடைப்பது. ஆனால் அரேபியாவின் பல நூறு கிலோமீட்டர் அகலச் சமையல்கூடம் எங்கே, இந்தக் குறுகிய பள்ளங்கள் எங்கே. அது கல்யாணச் சமையல், இது வீட்டு அடுப்பு. இந்தச் சின்ன அடுப்புக்கு மேலே நெல் வயல் இருக்கிறது என்பது வேறு விஷயம். டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக அறிவித்துத் தமிழக சட்டசபை 2020இல் சட்டம் போட்டது. அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

ஆக, பாட்டியின் பதில் எவ்வளவு தூரம் சரி? "அவாளுக்கு எண்ணெய், நமக்குப் பெருமாள்" என்றாள். இரண்டும் ஒரே கடலிலிருந்து வந்தவை, ஏறக்குறைய ஒரே காலத்தில். அம்மோனைட்டுகள் இந்தக் கரையில் நீந்தும்போது, அந்தக் கரையில் கறுப்புச் சேறு படிந்துகொண்டிருந்தது. ஒரு கரை பொறுமையாக இருந்தது, இன்னொன்று அவசரப்பட்டு ஓடிப் போய் மோதியது. யாருக்கும் யாரும் எதையும் பங்கு பிரித்துக் கொடுக்கவில்லை. பாட்டி இருந்திருந்தால், "அந்த அவசரத்தையும் குடுத்தது பெருமாள்தான்டா" என்று சொல்லி என் வாயை அடைத்திருப்பாள்.

தாத்தாவுக்கு அப்புறம் வீட்டில் திருமஞ்சனம் செய்ய ஆள் இல்லாமல் அந்தப் பெட்டி பல வருஷம் மூடியே கிடந்தது. அப்பா திரும்பி வந்த பிறகு அவர்தான் செய்கிறார். போன ஞாயிற்றுக்கிழமை அவர் செய்து முடிக்கும் வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு, மேலே எழுதிய கதை முழுவதையும் சொன்னேன். சாளக்கிராமத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டார். நடுவில் புர்கான் பெயர் வந்தபோது மட்டும் நிமிர்ந்து பார்த்தார். அவர் ஸ்டோருக்கு அங்கிருந்துதான் லாரிகள் வரும்.

"அப்போ அந்த எண்ணெயும் இந்தக் கல்லும் ஒரே சமுத்திரம்தானா?"

"ஆமாம்ப்பா. நடுவுல தூரம்தான்."

கல்லைப் பெட்டிக்குள் வைத்து மூடினார். கொஞ்ச நேரம் பேசவில்லை.

"18 வருஷம் எங்கயோ போயிட்டேன்னு நெனச்சிண்டிருந்தேன்டா. அதே கரையிலதான் இருந்திருக்கேன்."

டிஸ்கி: சாளக்கிராமத்தைப் புதைபடிவம் என்று எழுதியதற்காக யாரும் கோபிக்க வேண்டாம். 14 கோடி ஆண்டுக்கும் மேலாகக் கடலடியிலும் மலை மேலும் இருந்துவிட்டு எங்கள் அலமாரிக்கு வந்திருப்பவரைச் சேவிக்காமல் வேறு யாரைச் சேவிப்பது?